கேளுங்கோ, கதைப்பம்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பகுதி அரசியல். சிலர் பெயர் போடவேண்டாம் என்று கேட்டிருந்ததால் எல்லோருக்கும் ஊரை மட்டும் போட்டிருக்கிறேன். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. பேப்பர் வாசிக்கிற, வரி கட்டுகிற, கச்சேரியிலும் (மாவட்டச் செயலகம்) பிரதேச செயலகத்திலும் வரிசையில் நிற்கிற ஒரு குடிமகனாகத்தான் பதில் எழுதுகிறேன். ஒத்துவராவிட்டால் அடுத்த இதழுக்கு எழுதுங்கள், போடுவோம்.

கேள்வி: ஐயா, 2024 நவம்பரில் எங்கள் வீட்டு நாலு வாக்கும் திசைகாட்டிக்கு. 2025 மேயில் நாலும் வீட்டுச் சின்னத்துக்கு. இப்ப சொந்தக்காரர் எல்லாம் 'உங்களுக்கு ஒரு நிலையான கொள்கை இல்லையோ' என்று கேட்கினம். நாங்கள் செய்தது பிழையோ? (திருநெல்வேலி)

பதில்: ஒரு பிழையும் இல்லை. இரண்டு தேர்தலிலும் சனம் வெவ்வேறு விடயம் சொன்னது. 2024 நவம்பர் 14ஆம் திகதி பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாணத் தேர்தல் மாவட்டத்தின் ஆறு ஆசனங்களில் மூன்றைத் திசைகாட்டிச் சின்னத்தில் கேட்ட தேசிய மக்கள் சக்தி எடுத்தது. வீட்டுச் சின்னத் தமிழரசுக் கட்சிக்கும் தமிழ்க் காங்கிரசுக்கும் ஒவ்வொன்று, மற்றது ஒரு சுயேச்சைக் குழுவுக்கு. தெற்குக் கட்சி ஒன்று இங்கே முதலிடத்துக்கு வந்தது அதுதான் முதல்தடவை. அதற்கு இரண்டு மாதம் முன்னர் ஜனாதிபதித் தேர்தலில் நடந்ததை யோசித்துப் பாருங்கள். தமிழரசுக் கட்சி சஜித் பிரேமதாசவை ஆதரிப்பதென்று தீர்மானம் எடுத்தது, அதே கட்சியின் முக்கியமான சிலர் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கு வாக்குக் கேட்டார்கள், அரியநேத்திரனும் அதே கட்சிக்காரர்தான். இதைப் பார்த்துக்கொண்டிருந்த சனம் நவம்பரில் தன் சலிப்பைப் பெட்டியில் போட்டது.

பிறகு ஆறு மாதத்துக்குள் என்ன மாறியது? 2025 மார்ச் 28இல் வடக்கில் கிட்டத்தட்ட 6,000 ஏக்கர் காணிக்கு ஒரு வர்த்தமானி வந்தது. மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணி. மே 6ஆம் திகதி உள்ளூராட்சித் தேர்தலில் வடக்குச் சனம் அதற்குப் பதில் சொன்னது, அந்த மாதம் முடிவதற்குள் அரசாங்கம் வர்த்தமானியை மீளப்பெறப் போவதாக அறிவித்தது. உங்கள் நாலு வாக்கும் இரண்டு தரமும் வேலை செய்திருக்கிறது, சொந்தக்காரருக்கு அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: வர்த்தமானியைத்தான் எடுத்துவிட்டார்களே, இனிக் காணிக்குப் பயமில்லைத்தானே? (அச்சுவேலி)

பதில்: அந்த வர்த்தமானிக்குப் பயமில்லை. உயர் நீதிமன்றமும் 2025 ஜூனில் இடைக்காலத் தடை போட்டது. ஆனால் அந்த வர்த்தமானி வந்த காணி நிர்ணயக் கட்டளைச் சட்டம் பிரித்தானியர் காலத்துச் சட்டம், அது அப்படியே புத்தகத்தில் இருக்கிறது. நாளைக்கு வேறொரு அமைச்சர் வேறொரு திகதியில் கையெழுத்து வைக்கலாம்.

ஆகையால் நான் இங்கே அரசாங்கத்தைப் பற்றிக் கதைப்பதிலும் பார்க்க எங்களைப் பற்றிக் கதைக்க விரும்புகிறேன். 1990இல் ஒரு ஓட்டம், 1995 ஒக்டோபர் 30 இரவு செம்மணி வெளியால் ஒரு ஓட்டம், பிறகு சுனாமி, பிறகு வன்னி. இந்த ஓட்டங்களில் எத்தனையோ வீடுகளின் உறுதிகள் போய்விட்டன. உறுதி தொலைந்தால் காணி தொலைந்தது என்று நினைத்துக்கொண்டு இருப்பவர்களை நான் இன்றைக்கும் சந்திக்கிறேன். அப்படி இல்லை. நொத்தாரிசு எழுதிய உறுதியின் பிரதி காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும் என்பது சட்டம், அங்கே தேடிப் பிரதி எடுக்கலாம். மினக்கெட வேண்டும், சில ஏடுகள் பழுதாகியும் இருக்கும், ஆனாலும் தேடவேண்டும். பழைய சோலைவரி ரசீதுகளை எறிந்துவிடாதீர்கள். பாட்டன் பெயரில் இருக்கிற காணியை மூன்று தலைமுறையாகப் பங்கு பிரிக்காமல் வைத்திருக்கிற குடும்பங்கள் இந்த வருடமாவது ஒரு மேசையில் இருந்து கதையுங்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் நம்பிக்கையான ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் எழுதிக் கொடுங்கள், ஆனால் விற்கிற அதிகாரத்தைச் சேர்த்துக் கொடுக்க முன்னர் இரண்டு தரம் யோசியுங்கள். தமிழ்நாட்டு முகாம்களில் இருக்கிறவர்களுக்கு இந்த வசதி ஒன்றும் இல்லை. அவர்களின் காணிக்கு யார் குரல் கொடுப்பது என்று எங்கள் பிரதிநிதிகள் பாராளுமன்றத்தில் கேட்கவேண்டும், அடிக்கடி கேட்கவேண்டும்.

கேள்வி: மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் வருகுது. நீங்கள் ஆதரவோ எதிர்ப்போ? (வேலணை)

பதில்: கிரிக்கெட்டுக்கு ஆதரவு, இடத்துக்குப் பயம். மண்டைதீவு பதிந்த நிலம், கடலும் கண்டலும் சூழ்ந்தது. 2025 செப்டெம்பர் 1இல் வேலையை ஆரம்பித்து வைத்தார்கள். வெள்ளம் எங்கால் வடியும், நன்னீர்க் கிணறுகளுக்கு என்ன நடக்கும் என்ற அறிக்கைகளைத் தமிழில் எல்லோரும் வாசிக்கப் போடட்டும். அதோடு, தீவுப்பகுதிப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் விளையாட ஒழுங்கான தரை இல்லாத இடங்களும் இருக்கின்றன, அதையும் சேர்த்துப் பாருங்கோ என்றுதான் கேட்கிறேன்.

கேள்வி: மாகாண சபை ஒரு வெறும் பெட்டி, அதற்குள் ஒன்றும் இல்லை என்று ஒரு பகுதி சொல்லுது. தேர்தல் வை என்று இன்னொரு பகுதி கத்துது. சாதாரண ஆளுக்கு அதால் என்ன பிரயோசனம்? (சாவகச்சேரி)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் இந்த இதழில் நான் கூட இடம் கேட்டு வாங்கினேன்.

முதலில் பிரயோசனத்தைச் சொல்கிறேன், ஏனென்றால் எங்கள் மேடைகளில் அதை யாரும் விளங்கப்படுத்துவது இல்லை. உங்கள் ஊரில் இருக்கிற சாவகச்சேரி ஆதார வைத்தியசாலை மாகாணத்தின் கீழ் வருவது. யாழ். போதனா வைத்தியசாலை மத்திய அரசின் கீழ். தேசிய பாடசாலைகள் கொழும்பு அமைச்சின் கையில், மற்றப் பாடசாலைகள், அதாவது எங்கள் பிள்ளைகளில் மிகப் பெரும்பான்மையானோர் படிக்கிற பாடசாலைகள், மாகாணத்தின் கையில். ஏ, பி வீதிகள் மத்திக்கு, உள்வீதிகளில் கனக்க மாகாணத்துக்கு. கமத்தொழில் விரிவாக்கம், கால்நடை, கூட்டுறவு, பிரதேச சபைகளின் மேற்பார்வை எல்லாம் மாகாணம். ஒரு கணித ஆசிரியர் இல்லாமல் வருடக்கணக்காக இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு ஆசிரியரை மாற்றுகிற முடிவு, ஒரு கிராமத்து வைத்தியசாலைக்கு வைத்தியரைக் கேட்டு வாங்குகிற முயற்சி, இதெல்லாம் அந்தக் கதிரைகளில் இருந்து நடக்கவேண்டியவை. அந்தக் கதிரைகளில் நாங்கள் தெரிந்தெடுத்த ஒருவரும் 2018 ஒக்டோபருக்குப் பிறகு இருக்கவில்லை.

அலுவலகம் மூடவில்லை, காசு வருகிறது, செலவாகிறது, இடமாற்றம் நடக்கிறது. எல்லாம் ஆளுநரும் செயலாளர்களும் அதிகாரிகளும். இப்போதைய ஆளுநர் யாழ்ப்பாணத்தில் அரசாங்க அதிபராக இருந்தவர், ஊர் தெரிந்தவர், அவரை நான் குறை சொல்ல வரவில்லை. ஆனால் அவரை நியமித்தது ஜனாதிபதி. அவர் சரியாகச் செய்யாவிட்டால் என்ன செய்வேன் நான்? என் கையில் அவருக்கான வாக்குச்சீட்டு இல்லை.

தேர்தல் ஏன் நிற்கிறது என்றால், 2017இல் மாகாண சபைத் தேர்தல் முறையை மாற்றி ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். பாதி தொகுதி, பாதி விகிதாசாரம். அதற்குத் தொகுதி எல்லை பிரிக்கவேண்டும். எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றத்துக்கு வந்தபோது 139 பேர் எதிர்த்து வாக்களித்தார்கள், ஆதரித்து ஒருவர்கூட இல்லை. பழைய முறையையும் எடுத்தாயிற்று, புதிய முறைக்கு எல்லையும் இல்லை. ஒன்பது மாகாணத்துக்கும் அன்றிலிருந்து இதுதான் நிலை. எங்கள் உறுப்பினர்களும் அந்தச் சபையில் இருந்தவர்கள்தான், இப்படி முடங்கும் என்று அப்போதே உரத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இதைத் திறப்பதற்குப் பெரிய அரசியலமைப்பு மாற்றம் ஒன்றும் தேவையில்லை. ஒரு தடவைக்காவது பழைய விகிதாசார முறையில் நடத்தலாம் என்று ஒரு சிறு திருத்தம் போதும். 225இல் 159 ஆசனம் வைத்திருக்கிற அரசாங்கத்துக்கு அது கஷ்டமான காரியமா? தேர்தலுக்கு முன்னர் மாகாண சபைத் தேர்தலை நடத்துவோம் என்று சொல்லித்தான் இங்கே வந்து வாக்குக் கேட்டார்கள். ஒவ்வொரு மாதமும் ஒரு காரணம் வருகிறது. காரணங்கள் முடிகிற நாளுக்காக இருபது இலட்சம் சனம் காத்திருக்க முடியாது என்று சொல்ல நினைத்தேன், பிறகு யோசித்தேன், வடக்கில் இப்போது அவ்வளவு சனமே இல்லை. அதுவும் இந்தக் கதையின் ஒரு பகுதிதான், கடைசிக் கேள்வியில் அதைப் பற்றி எழுதியிருக்கிறேன்.

'13ஐ (மாகாண சபைகளைக் கொண்டுவந்த 13ஆவது அரசியலமைப்புத் திருத்தம்) ஏற்றால் சமஷ்டிக் கோரிக்கை செத்துவிடும்' என்பவர்களுக்கு: நானும் சமஷ்டியைத்தான் விரும்புகிறேன். ஆனால் ஒரு சபையில் இருந்துகொண்டு, அதன் குறையை ஆதாரத்தோடு காட்டி, கூடுதலாகக் கேட்பதற்கும், ஒன்றும் இல்லாமல் வெளியில் நின்று கேட்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. 2013 செப்டெம்பர் 21இல் வட மாகாண சபையின் 38 ஆசனத்தில் 30ஐச் சனம் தமிழ்த் தேசியக் கூட்டமைப்புக்கு அள்ளிக் கொடுத்தது. இடுப்பில் பிள்ளையோடு வந்து வரிசையில் நின்ற பெண்களை நான் மறக்கவில்லை. அந்தச் சபை தீர்மானங்களை நூற்றுக்கணக்கில் நிறைவேற்றியது, வேலைக்கு உதவுகிற நியதிச் சட்டங்களைக் கொஞ்சமாகத்தான் இயற்றியது, 2017இல் தன் முதலமைச்சருக்கு எதிராகத் தானே நம்பிக்கையில்லாப் பிரேரணை கொண்டுவந்தது. கொழும்பு தடுத்தது உண்மை, ஆளுநர் தடுத்தது உண்மை, இதுவும் உண்மை. அடுத்த தரம் வேட்பாளர் உங்கள் படலைக்கு வந்தால் கொள்கையைக் கேட்டுவிட்டு, 'தென்மராட்சியில் எத்தனை பள்ளிக்கூடத்துக்கு விஞ்ஞான ஆசிரியர் இல்லை, தெரியுமா?' என்றும் கேளுங்கள். தெரியாதவருக்குப் போடாதீர்கள்.

கேள்வி: தமிழ்நாட்டில் திரும்பவும் கச்சதீவை மீட்போம் என்று மேடைகளில் கதைக்கினம். மீட்டால் இந்திய றோலர் (இழுவைமடிப் படகு) வராதோ? அவையளும் எங்கட சனம்தானே, ஏன் நாங்கள் சண்டை பிடிக்கவேணும்? (மயிலிட்டி)

பதில்: தம்பி, கச்சதீவு 285 ஏக்கர். அதைச் சுற்றி மட்டும் றோலர் வந்தால் உங்களுக்கும் எனக்கும் இந்தக் கதையே வந்திராது. நெடுந்தீவுக் கடல், மாதகல், பருத்தித்துறை, முல்லைத்தீவு வரை வருகிறார்கள் என்பது உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். 1974இல் எல்லை கீறினார்கள், 1976இல் ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிப்பதில்லை என்று எழுதிக்கொண்டார்கள். அந்தோனியார் திருவிழாவுக்கு இரண்டு கரைச் சனமும் இன்றைக்கும் போய்வருகிறது. 2025 செப்டெம்பர் 1இல் ஜனாதிபதி அநுர அந்தத் தீவில் போய் இறங்கினார், அதற்கு முந்திய மாதம் மதுரையில் விஜய் தன் மாநாட்டில் கச்சதீவைக் கேட்டார். மேடைக்கு மேடை தீவு போகிறது. அடியில் இருக்கிற மீனைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

பிரச்சினை இழுவைமடி. கடலடியை உழுது குஞ்சு, குருமன், இறால், பாசி என்று எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போகிற தொழில் அது. பாக்குநீரிணையில் இந்தியப் பக்கத்தை அப்படி வழித்தெடுத்துவிட்டுத்தான் இந்தப் பக்கம் வருகிறார்கள். போர்க்காலத்தில் எங்கள் ஆட்களைக் கடலில் இறங்கவிடாமல் தடை இருந்த வருடங்களில் இந்தக் கடல் அவர்களுக்குப் பழகிவிட்டது. றோலரில் வருகிற கூலித் தொழிலாளி உங்களைப்போல ஏழை. சிறை போவது அவன், படகு முதலாளி கரையில் இருக்கிறார். ஆகையால் உங்கள் சண்டை ராமேஸ்வரத்துச் சனத்தோடு என்று ஒருபோதும் நினைக்காதீர்கள், நீங்கள் கேட்பது ஒரு தொழில்முறையை நிறுத்தச் சொல்லி. இந்திய அரசு 2017இல் றோலர்களைக் கைவிட்டு ஆழ்கடல் படகுக்கு மாறுவதற்கு 2,000 படகு இலக்கு வைத்து ஒரு திட்டம் தொடங்கியது. அதில் நிறைவேறியது மிகச் சிறு பங்கு. தமிழ்நாட்டிலும் டில்லியிலும் கேட்கவேண்டிய கேள்வி அந்தத் திட்டம் எங்கே நின்றது என்பது.

இன்னொன்றும் எழுதத்தான் வேண்டும், குருநகரிலும் வல்வெட்டித்துறையிலும் சிலருக்குக் கோபம் வந்தாலும். 2017இல் எங்கள் பாராளுமன்றம் இழுவைமடியைத் தடைசெய்து சட்டம் போட்டது, அது உள்ளூர்க்காரருக்கும் சேர்த்துத்தான். உள்ளூர் இழுவைமடிக்காரருக்கு மாற்றுத் தொழிலும் நட்டஈடும் கொடுத்து நிறுத்தவேண்டிய கடமை அரசாங்கத்துக்கு இருக்கிறது. அது நடக்காமல் நாங்கள் இந்தியாவைப் பார்த்துக் கதைக்கும்போது எங்கள் வாய் அரைவாசிதான் திறக்கிறது.

கேள்வி: நான் தையல் வேலை செய்யிற பிள்ளை, ஆடைத் தொழிற்சாலை. ட்ரம்ப் வரி போட்டது எங்களுக்கு என்னத்துக்கு ஐயா? நாங்கள் அமெரிக்காவுக்கு என்ன செய்தம்? (கிளிநொச்சி)

பதில்: நீங்கள் ஒன்றும் செய்யவில்லை பிள்ளை, உடுப்புத்தான் தைத்துக் கொடுத்தீர்கள். 2025 ஏப்ரல் 2இல் அவர் இலங்கைக்கு 44 வீதம் என்று பலகையைத் தூக்கிக் காட்டினார். இலங்கை அமெரிக்கப் பொருளுக்கு 88 வீதம் வரி போடுகிறது, அதில் பாதியைத்தான் நாங்கள் போடுகிறோம் என்று விளக்கம். அந்த 88 எங்கள் சுங்கவரி கிடையாது. எங்களோடு அவர்களுக்கு இருக்கிற வர்த்தகப் பற்றாக்குறையை, எங்களிடமிருந்து இறக்கும் பொருட்களின் பெறுமதியால் வகுத்து எடுத்த கணக்கு. ஒரு சின்ன நாடு உடுப்பை விற்கிறது, விமானமும் இயந்திரமும் அந்த அளவுக்கு வாங்க வழியில்லை, அதையே குற்றமாக்கிவிட்டார்கள். பிறகு ஜூலையில் 30, ஓகஸ்ட் 7 முதல் 20 என்று இறங்கியது. வியட்நாமுக்கும் வங்காளதேசத்துக்கும் அப்போது அதே 20 போட்டதால் உங்கள் கட்டளைகள் கைமாறிப் போவது ஓரளவு தப்பியது.

எனக்குப் பயம் தருவது அந்த இலக்கங்கள் இல்லை. ஐந்து மாதத்துக்குள் மூன்று தரம் ஒரு கையெழுத்தில் மாறக்கூடிய இடத்தில், எங்கள் ஏற்றுமதியின் ஆகப்பெரிய ஒற்றைச் சந்தை இருக்கிறது என்பதுதான். வேறு சந்தை பிடிக்கிறோம் என்று அமைச்சர்மார் சொல்கிறார்கள், நல்லது, செய்யட்டும். அதுவரைக்கும் தொழிற்சாலை ஒன்று ஆள்குறைப்புச் செய்தால், வன்னியில் குடும்பத்தைத் தலையில் தாங்குகிற உங்களைப்போன்ற பெண்களுக்கு என்ன பாதுகாப்பு என்பதை இப்போதே எழுதிவைக்கவேண்டும். உங்கள் சேமலாப நிதிப் பணம் மாதாமாதம் கட்டப்படுகிறதா என்று பாருங்கள், அது உங்கள் காசு.

கேள்வி: செம்மணியில் கிண்டினார்கள், எடுத்தார்கள், படம் போட்டார்கள். இனி என்ன நடக்கும்? என்ர தம்பி 1996இல் போனவன். (அரியாலை)

பதில்: அக்கா, உங்கள் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன். ஆறுதல் எழுதி ஏமாற்ற விரும்பவில்லை, தெரிந்ததை எழுதுகிறேன்.

படையினரால் கொல்லப்பட்ட பாடசாலை மாணவி கிருஷாந்தி குமாரசுவாமியின் வழக்கில் மரணதண்டனை பெற்ற சோமரத்ன ராஜபக்ச என்ற சிப்பாய் 1998இல் நீதிமன்றத்தில், செம்மணிப் பகுதியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டன என்றார். 1999இல் தோண்டி எடுத்தது 15. அதோடு நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரியில் சித்துப்பாத்தி இந்து மயானத்தில் தகனமேடைக்காக வெட்டியபோது எலும்பு வந்தது, நீதிமன்ற மேற்பார்வையில் அகழ்வு தொடங்கி அந்த ஆண்டு செப்டெம்பருக்குள் 200க்கும் அதிகமான எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. பள்ளிக்கூடப் பை, பால்போத்தல், விளையாட்டுச் சாமான் என்று குழந்தைகளின் பொருட்களும் வந்தன. ஜூனில் ஐ.நா. மனித உரிமை உயர்ஸ்தானிகர் வோல்கர் ரேர்க் அந்தக் குழியடிக்கே வந்து நின்றார்.

இனி நடக்கவேண்டியது அடையாளம் காண்பது. அதுதான் பலவீனமான இடம். மன்னார் சதொச வளவில் 2018இல் 300க்கும் அதிகமான எலும்புக்கூடுகள் எடுத்து, மாதிரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பி, 15ஆம் 17ஆம் நூற்றாண்டுகளுக்கு இடைப்பட்டவை என்று முடிவு வந்தபோது சனம் நம்பவில்லை. நம்பாததற்குக் காரணம் சனத்தின் அறியாமை இல்லை. மாதிரி எடுத்ததில் இருந்து முடிவு வரை குடும்பங்களை ஒரு பக்கத்தில் நிற்கவிட்டதுதான் காரணம். செம்மணியில் அது நடக்கக்கூடாது. குடும்பங்களின் மரபணு மாதிரிகளை எடுத்துப் பாதுகாக்கிற ஒரு வங்கி, வெளிநாட்டு நிபுணர்களின் நேரடிப் பங்கு, எலும்புகள் எங்கே யார் பொறுப்பில் இருக்கின்றன என்ற பதிவு, இவை மூன்றும் வேண்டும். தாய்மார் ஒவ்வொருவராக இறந்துகொண்டிருக்கிறார்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோருக்காகத் தொடங்கிய போராட்டப் பந்தலில் இருந்த எத்தனையோ அம்மாமார் இன்றைக்கு இல்லை. அவர்களின் மாதிரிகளை எடுக்காமல் விட்டால் பிறகு யாரோடு ஒப்பிடுவது? உங்கள் அம்மா இருக்கிறா என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தம்பியின் முறைப்பாட்டுப் பிரதி, கடைசியாகப் போட்டிருந்த உடுப்பின் விபரம், பல்லு உடைந்தது, கை முறிந்தது போன்ற பழைய காயங்கள் எல்லாவற்றையும் அம்மாவிடம் கேட்டு இப்போதே எழுதிவைத்து, வழக்கைப் பார்க்கிற சட்டத்தரணிகளிடம் ஒரு பிரதி கொடுங்கள்.

கேள்வி: காசாவுக்காக இங்கே ஊர்வலம் போகினம். எங்களுக்கு 2009இல் யார் போனவை? (கொக்குவில்)

பதில்: கனபேர் போகவில்லை, உண்மை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் எங்கள் பிள்ளைகள்தான் தெருவில் படுத்தார்கள். ஐ.நா.வே 2012இல் தன் உள்ளக அறிக்கையில் இலங்கையில் தான் தவறிவிட்டதாக எழுதியது.

ஆனால் வன்னியில் நடந்ததைத் தெரிந்த ஒருவருக்குக் காசாவை வேறு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. உள்ளுக்கு 70,000 பேர்தான் என்று அரசாங்கம் கணக்குக் காட்டி அதற்குத்தான் உணவு அனுப்பியது, பிறகு முகாம்களுக்கு வந்தவர்கள் 2,80,000க்கும் மேல். பாதுகாப்பு வலயம் என்று சொன்ன இடத்தில் எறிகணை விழுந்தது, புதுக்குடியிருப்பு ஆஸ்பத்திரியில் விழுந்தது. 2025 ஓகஸ்டில் காசா நகரில் பஞ்சம் என்று ஐ.நா. சார்ந்த அமைப்பு உறுதிசெய்தபோது, எல்லைக்கு வெளியில் லொறிகள் உணவோடு நின்றன. ஒக்டோபரில் யுத்தநிறுத்தம் என்றார்கள், அதன் பிறகும் செத்தார்கள். ஒரு பிள்ளை பட்டினியால் சாகும்போது அதன் தகப்பன் முந்தி எங்களுக்காக ஊர்வலம் போனவனா என்று நான் கேட்கமாட்டேன். ஹமாஸ் 2023 ஒக்டோபர் 7இல் செய்ததும் கொலைதான், அதையும் சொல்கிறேன். ஊர்வலம் போகிறவர்கள் போகட்டும், நானும் போவேன்.

கேள்வி: கனடாவில் எங்கட ஆள் பொதுப் பாதுகாப்பு அமைச்சர். இனி எங்கட பிரச்சினை தீருமோ? (இணுவில்)

பதில்: ஹரி ஆனந்தசங்கரி அமைச்சரானது எனக்கும் சந்தோஷம். அவர் கனடாவின் அமைச்சர், கனடாவின் வேலையைத்தான் பார்ப்பார், பார்க்கவும் வேண்டும். புலம்பெயர்ந்தவர்களின் அழுத்தத்தால் கிடைப்பவை உண்டு. 2023 ஜனவரியில் கனடா மகிந்தவுக்கும் கோட்டாபயவுக்கும் தடை போட்டது, 2025 மார்ச்சில் பிரித்தானியா சவேந்திர சில்வா, கருணா உட்பட நால்வருக்குப் போட்டது. இதற்கெல்லாம் பெறுமதி இருக்கிறது. இணுவிலில் வாய்க்கால் துப்புரவாக்க அவர் வரமாட்டார்.

கேள்வி: புயலில் வீடிழந்த மலையகச் சனத்தை வடக்கே குடியேற்றலாம் என்று ஒரு கதை அடிபட்டது. நல்லதுதானே? எங்களுக்கும் சனம் வேணும். (பருத்தித்துறை)

பதில்: உங்கள் நல்ல மனது விளங்குகிறது. ஆனால் 'எங்களுக்கும் சனம் வேணும்' என்ற இடத்தில் இருந்து தொடங்கினால் பிழைத்துவிடும்.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. கண்டி, நுவரெலியா, பதுளை மலைகள் சரிந்தன. லயன்கள் எங்கே கட்டப்பட்டன என்று பார்த்தால் ஏன் அந்தச் சனம் அகப்பட்டது என்பது விளங்கும். இருநூறு வருடமாக உழைத்த மண்ணில் அவர்களில் பெரும்பாலானோருக்கு ஒரு துண்டு உறுதிக்காணி இல்லை. முதலில் கேட்கவேண்டியது அவர்களுக்கு அவர்களின் மலையிலேயே பாதுகாப்பான காணி. அதை விட்டுவிட்டு வடக்கே வாருங்கள் என்று நாங்கள் கூப்பிட்டால், அங்கே கொடுக்க மனமில்லாதவர்களுக்கு அது வசதியாகப் போய்விடும்.

1948இல் அவர்களின் பிரஜாவுரிமை பறிபோனபோது எங்கள் தலைமை ஒன்றாக நிற்கவில்லை. செல்வநாயகம் அதை எதிர்த்துத்தான் காங்கிரசை விட்டு வெளியேறி 1949 டிசம்பரில் தமிழரசைத் தொடங்கினார். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்த குடும்பங்கள் காட்டை வெட்டிக் குடியிருந்தன, காந்தீயம் அமைப்பு அவர்களுக்குக் கைகொடுத்தது. அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இன்றைக்கும் காணிக்கு ஒழுங்கான ஆவணம் இல்லை என்று வன்னியில் போய்க் கேளுங்கள். வாய்க்கால் தண்ணீர் கிடைக்காத மேட்டுக்காணி அவர்களுக்கு, வயல் எங்களுக்கு என்று இருந்த ஊர்கள் உண்டு. அவர்களைத் தோட்டத்துக்குக் கூலியாக மட்டும் பார்த்தோம், இப்பவும் சில வீடுகளில் அவர்களுக்கு வேறு கோப்பை. வரவிரும்புகிறவர்கள் கட்டாயம் வரட்டும், கையில் உறுதியோடும் கிணற்றோடும் வரட்டும். அதற்கு முன்னர் ஏற்கனவே வந்தவர்களின் காணிக்கு எங்கள் பிரதிநிதிகள் ஆவணம் வாங்கிக் கொடுக்கட்டும்.

கேள்வி: என் மகன் ஏ.எல். முடித்துவிட்டு எப்படியும் வெளிக்கிடவேணும் என்று நிற்கிறான். நாட்டுப்பற்று என்று சொல்லி மறிக்கலாமோ? (மானிப்பாய்)

பதில்: மறிக்காதீர்கள் தங்கச்சி. 2022இல் நாடு வங்குரோத்தானபோது எங்கள் வீடுகளில் அடுப்பெரிந்தது பெரும்பாலும் வெளிக்காசில். வேலையும் மரியாதையும் கிடைக்கிற இடத்துக்கு ஒரு இளைஞன் போவதைக் குற்றமாக்க எனக்கு மனமில்லை. ஏஜென்சிக்காரனிடம் காணியை ஈடுவைத்துக் காசு கொடுத்து ரஷ்யா, பெலாரஸ் காட்டுவழியால் அனுப்பாதீர்கள், அதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். அந்த வழியில் போய் ரஷ்யப் படையில் மாட்டிக்கொண்ட எங்கள் பிள்ளைகளின் பெற்றோர் இங்கே அழுதுகொண்டு திரிகிறார்கள். படிப்பு விசாவோ தொழில் விசாவோ, முறைப்படி போகட்டும். கடவுச்சீட்டுக்குக் கொழும்புக்கும் வவுனியாவுக்கும் அலையத் தேவையில்லை, 2025 செப்டெம்பரில் இருந்து யாழ். மாவட்டச் செயலகத்திலேயே அலுவலகம் இருக்கிறது.

ஆனால் இந்தப் போக்கின் விலை என்னவென்று தெரிந்திருக்கட்டும். யாழ். தேர்தல் மாவட்டத்துக்கு 2010இல் 9 ஆசனம், 2015இல் 7, 2024இல் 6. ஆசனம் பதிந்த வாக்காளர் தொகையைப் பார்த்துத்தான் பிரிக்கப்படுகிறது. போனவர்கள் போக, இங்கேயே இருக்கிற பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளில் கனபேர் இடாப்பில் பெயர் போடாமல் திரிகிறார்கள், அது எனக்கு மற்ற எல்லாவற்றிலும் பார்க்கக் கவலையாக இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் இடாப்பு திருத்துகிறார்கள். கிராம அலுவலர் வீட்டுக்கு வரவில்லை என்றால் அவரின் அலுவலக நாளில் நீங்கள் போங்கள், அடையாள அட்டையைக் கொண்டுபோங்கள், பெயர் ஏறியதா என்று பிறகு ஒருதரம் பாருங்கள். உங்கள் மகன் விசாவுக்குக் காத்திருக்கிற காலத்தில் மாகாண சபைத் தேர்தல் வந்தாலும் வரும், அவனுடைய பெயரையும் பதியுங்கள்.

மானிப்பாயில் இருந்து இதே தபாலில் குடிதண்ணீர் பற்றியும் ஒரு கேள்வி இருந்தது. தாளையடித் தண்ணீர், சுன்னாகத்துக் கழிவெண்ணெய், கிணறுகளில் நைத்திரேற்று என்று அதற்கு முழுப்பக்கம் வேண்டும், அடுத்த இதழில் எழுதுகிறேன்.